அட்லஸுக்குள் இருந்த அட்டை

மதுரை,
ஜூன் 22

அன்புள்ள செல்விக்கு,

நீ அனுப்பிய குரல் பதிவை நேற்று ராத்திரி இரண்டு தடவை கேட்டேன். போனில் பேசினால் இதைச் சொல்லி முடிக்க மாட்டேன் என்று தோன்றியது, அதனால்தான் கடிதம். அம்பையில் சாரல் பிடித்துவிட்டதா? இங்கே வெயில் இன்னும் இறங்கவில்லை. அத்தைக்கு முட்டிவலி, மாடியேறுவதில்லை. என் வீட்டுக்காரருக்கு வருகிற மே மாதத்தோடு வேலையிலிருந்து ஓய்வு. மற்றதெல்லாம் நேரில்.

உன் பாப்பா சரியாகச் சாப்பிடவில்லை, மணிக்கொரு தரம் போனைத் திறந்து கல்லூரிச் சேர்க்கைப் பட்டியலைப் பார்க்கிறாள் என்றாயே, மனசு கஷ்டமாகிவிட்டது. வேதியியலில் 93 எடுத்த பிள்ளை. அந்தப் பாளையங்கோட்டைக் கல்லூரியைத் தவிர வேறெதையும் நினைக்காமல் இரண்டு வருசம் படித்திருக்கிறாள். 'இடம் இல்லை' என்று நேராகச் சொல்லியிருந்தால் ஒரு நாள் அழுது தேறியிருப்பாள். வெயிட்டிங் லிஸ்டில் 11 என்று வைத்திருப்பதுதான் அவளை அழவும் விடவில்லை, வேறு எதையும் நினைக்கவும் விடவில்லை.

முதலில் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள். அந்த 11 மொத்தப் பட்டியலிலா, பி.சி. பட்டியலிலா? வகுப்பில் 50 இடம் என்றால், பி.சி.க்கு உரிய 26.5 விழுக்காட்டில் 13 இடம்தான் வரும். பி.சி. பட்டியல் என்றால், அந்தப் பதின்மூன்றில் ஒருத்தி விலகும்போதுதான் அந்த வரிசை ஒரு படி நகரும். விலகுவார்களா என்றால், விலகுவார்கள். பி.எஸ்சி. சேர்ந்த பிள்ளைகளில் பலர் பொறியியல் கலந்தாய்வுக்கும் விண்ணப்பித்திருப்பார்கள், சிலர் நீட் எழுதியிருப்பார்கள். ஜூலை, ஆகஸ்டில் அந்தச் சுற்றுகள் நடக்கும்போது இங்கே இடம் காலியாகும். அதனால் நம்பிக்கையை விட்டுவிடு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எத்தனை பேர் விலகுவார்கள் என்பது அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கே தெரியாது. தினமும் போன் பண்ணி அவரைக் கேட்பதில் பயனில்லை. வாரம் ஒரு தடவை நீ கேள், பாப்பா கேட்க வேண்டாம். கொடுத்த போன் நம்பரும் மின்னஞ்சலும் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். கூப்பிட்டால் ஒரே நாளில் பணம் கட்டச் சொல்வார்கள்.

பேட்டை அரசு மகளிர் கல்லூரியில் கிடைத்த கணித இடத்தை 'வேண்டாம்' என்கிறாளாம். செல்வி, அதை விடாதே. நாளைக்கே போய்ச் சேர்த்துவிடு. சேர்ந்துவிட்டால் சான்றிதழ் மாட்டிக்கொள்ளுமே என்று நீ பயப்படுவது புரிகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018லேயே சொல்லிவிட்டது, அசல் சான்றிதழைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று. குறித்த தேதிக்குள் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தரவும் விதி இருக்கிறது. எதற்கும் எல்லாவற்றையும் நாலைந்து நகல் எடுத்துக்கொள், எதைக் கொடுத்தாலும் கையெழுத்து வாங்கிக்கொள். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாசம் 1000 ரூபாயும் வரும். செங்கோட்டைப் பாசஞ்சரில் ஏறினால் பேட்டை ஸ்டேஷனிலேயே இறங்கிக்கொள்ளலாமே.

நான் ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்று கேட்பாய். உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. 1993இல் நான் வெயிட்டிங் லிஸ்டில் 6. அப்பா வாரா வாரம் பஸ் ஏறிப் போய், நோட்டீஸ் போர்டில் கம்பி வலைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்துவிட்டு வருவார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகத்தில் தெரிந்துவிடும். பட்டியல் 4 வரை வந்தது, அதோடு நின்றது. நான் அந்த வருசம் டைப்ரைட்டிங் போனது உனக்குத் தெரியும். 'எங்கேயும் கிடைக்கவில்லை' என்று உன்னிடமும் சொன்னேன். அது பொய் செல்வி. இன்னொரு கல்லூரியிலிருந்து வரலாறு படிக்க அழைப்பு அட்டை வந்திருந்தது. தபால்காரரிடம் நான்தான் வாங்கினேன். வரலாறு படிக்க மாட்டேன், 6 எப்படியும் வந்துவிடும் என்ற பிடிவாதம். அட்லஸ் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துவிட்டேன். சேர வேண்டிய தேதி போன பிறகும் அப்பாவிடம் சொல்லவில்லை. அடுத்த வருசம் அதே கல்லூரியில், அதே வரலாற்றில்தான் சேர்ந்தேன். என்னோடு பிளஸ் டூ முடித்தவர்கள் எனக்கு சீனியர்களாக இருந்தார்கள். படிக்கப் படிக்க அந்தப் பாடம் எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. இருபத்தைந்து வருசமாக அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

படிப்பில் எனக்கு வருத்தமே இல்லை. அப்பா அந்த ஜூலை முழுக்க வெயிலில் அலைந்ததுதான் இன்னும் உறுத்துகிறது. கடைசிவரை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பாப்பாவிடம் 'எல்லாம் நல்லதுக்குத்தான்' என்று மட்டும் சொல்லிவிடாதே. அந்த வயசில் எனக்கு அதைவிட எரிச்சல் மூட்டிய வார்த்தை வேறில்லை. அவள் ஆசைப்பட்டது நியாயம், கிடைக்காமல் இழுப்பது வலிக்கத்தான் செய்யும் என்று நீயே சொல். உன் நாத்தனார் வீட்டில் கேட்டால் 'பேட்டையில் கணக்கு சேர்த்திருக்கு' என்று நிமிர்ந்து சொல். அதைப் பாப்பா காதில் விழும்படிச் சொல்.

அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓரம் பழுத்துவிட்டது, தேதி முத்திரை மட்டும் தெளிவாகத் தெரிகிறது. இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பாப்பாவிடம் கொடு, படித்துவிட்டு எனக்குப் போன் பண்ணச் சொல். ராத்திரி எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

அன்புடன்,
உன் ராணி