ஆண்டறிக்கை: ஆறு அடி ஓர் அங்குலம்

தலைவர் ஐயா அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரலாற்றுப் போர்களைச் சிற்றுருவங்களாகச் செய்து, களம் அமைத்து விளையாடிவரும் நம் மதுரைச் சங்கத்தின் ஓராண்டு நடவடிக்கைகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் ஞாயிற்றுக்கிழமைகளில் சிம்மக்கல் அறையில் நடந்தன. சித்திரை மாதம் மட்டும் கூடவில்லை. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் அந்தப் பக்கம் பொம்மைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர யாராலும் முடியாது. செயற்குழு தேவைப்பட்டபோதெல்லாம் கூடியது.

விமானம், டாங்கி கட்டுகிறவர்கள் இந்த ஆண்டு குறைவாகத்தான் முடித்தார்கள், ஆனால் நன்றாக முடித்தார்கள். 1965 போரில் பறந்த நம் நேட் விமானத்தைச் செய்தவரைச் சொல்லியே ஆக வேண்டும். அவர் கைக்கு வந்த கிட் (ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் பாகங்களின் பெட்டி) இரட்டை இருக்கைப் பயிற்சி விமானம். நம் விமானப்படையின் போர் விமானத்துக்கு ஓர் இருக்கைதான். மூக்குப் பகுதியை அறுத்து, புட்டி என்கிற அடைப்புப் பசை வைத்து இழைத்து, கண்ணாடி மூடியைப் புதிதாகச் செய்ய அவருக்கு மூன்று மாதம் ஆனது. ஒரு சாண் கூட இல்லாத விமானம் அது. பார்க்காதவர்கள் பின் மேசையில் பாருங்கள், தொட வேண்டாம்.

இனி, ஆண்டு முழுக்க நம்மை இழுத்துப் பிடித்திருந்த கோட்டை வேலைக்கு வருகிறேன்.

போன பொதுக்குழுவில் மதுரைக் கோட்டையையே செய்ய வேண்டும் என்றுதான் பேச்சு வந்தது. நாயக்கர் காலக் கோட்டைக்கு 72 கொத்தளங்கள், நம் பொம்மைகளும் 1:72 அளவு, அதாவது அசலில் 72-ல் ஒரு பங்கு, பொருத்தமாக இருக்கிறதே என்று எல்லோருக்கும் ஆசை. கணக்குப் போட்டதும் ஆசை அடங்கியது. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் அந்த மதிலை இடித்து, அகழியைத் தூர்த்த இடத்தில்தான் வெளி வீதிகளும் மாரட் வீதிகளும் வந்தன. அந்த வீதிகளை வைத்து ஒரு பக்கம் ஒரு கிலோமீட்டர் என்று வைத்தாலே மாதிரி 14 மீட்டர் நீளம் வரும். கல்யாண மண்டபம்தான் பிடிக்க வேண்டும். அதனால் பாஞ்சாலங்குறிச்சிக்குப் போனோம்.

புதிய உறுப்பினர்களுக்காக ஒன்று சொல்கிறேன். 1:72-ல் ஆறு அடி என்பது சரியாக ஓர் அங்குலம். இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும், வேறு கணக்கே வேண்டாம். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்தவர்கள் எழுதி வைத்தபடி, பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையின் நீண்ட பக்கம் சுமார் 500 அடி, குறுகிய பக்கம் 300 அடி, மண் சுவரின் உயரம் 12 அடி. சுற்றிலும் முள்வேலி, அகழி கிடையாது. நம் கணக்கில் ஏழு அடிக்கு நாலு அடி, சுவர் இரண்டே அங்குலம். அளவுகோலை நிறுத்திப் பார்த்தபோது அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இந்த இரண்டு அங்குலத்தின் முன்னால்தான் 1801 மார்ச் 31 அன்று கம்பெனியின் தாக்குதல் நொறுங்கியது. இத்தனைக்கும் அது 1799-ல் இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டை. பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து 1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை தப்பி வந்த சில நாள்களிலேயே மறுபடி எழும்பிவிட்டது.

முதலில் தெர்மோகோலை வெட்டி ஃபெவிகாலும் சுவர் பட்டியும் பூசினோம். பள்ளிக்கூடக் கண்காட்சிக்குச் செய்தது மாதிரி வழவழவென்று இருந்தது. அப்புறம் கண்மாய் மண்ணைச் சலித்துக் குழைத்துப் பிடித்தோம். கத்திரி வெயிலில் மொட்டைமாடியில் வைத்த சுவர் சாயங்காலத்துக்குள் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. இரண்டு முறை இப்படி ஆன பிறகு விளாச்சேரிக்குப் போனோம். அங்கே கொலு பொம்மை செய்யும் ஓர் அம்மா எங்கள் மண்ணை விரலால் நசுக்கிப் பார்த்தார். "வெயில்ல வச்சா வெடிக்கத்தான் செய்யும் தம்பி. கொஞ்சம் மணலச் சேருங்க, வைக்கோலப் பொடியா நறுக்கிப் போடுங்க. ஈரத்துணியப் போத்தி நெழல்ல ஆற விடுங்க" என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார். சங்கத்தின் நன்றியை இங்கே பதிவு செய்கிறேன்.

அந்தச் சுவர் வெடிக்கவில்லை. மிச்சத் துண்டுகளை வைத்து ஒரு சோதனை செய்தோம். சைக்கிள் பால்ரஸ் குண்டை ஓர் ஆள் உயரத்திலிருந்து போட்டால், வெறும் மண் துண்டு நாலாகச் சிதறியது. வைக்கோல் கலந்த துண்டு குண்டை உள்ளே வாங்கிக்கொண்டு அப்படியே நின்றது. பிள்ளைகள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். கருங்கல் இல்லை, சுண்ணாம்பு இல்லை, மண்ணை வைத்துக்கொண்டு பீரங்கியை எப்படித் தாங்கினார்கள் என்று பல வருஷம் படித்தும் எனக்கு ஓடாத விஷயம், அன்றைக்குக் கையில் தெரிந்தது. நாம் இந்த வேலையை ஏன் செய்கிறோம் என்று கேட்கிறவர்களிடம் இனி அந்தத் துண்டைத்தான் காட்டப்போகிறேன்.

வீரர்களுக்கு வருகிறேன். பாளையக்காரர் படையின் ஈட்டி 18 அடிக்குக் குறையாது என்கிறார்கள், நமக்கு மூன்று அங்குலம். கம்பி வளைகிறது, பிளாஸ்டிக் ஒடிகிறது. தென்னை ஈர்க்கைச் சீவி வைத்ததும் சரியாக அமைந்துவிட்டது. முள்வேலிக்குத் தேங்காய் நாரைச் சாயத்தில் முக்கி ஒட்டினோம். கம்பெனிச் சிப்பாய்களை நெப்போலியன் காலப் பிரிட்டிஷ் பொம்மைகளிலிருந்து மாற்றினோம். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சீவி, கீழே மேனி நிறம் தீட்டினோம், தலைப்பாகையை மட்டும் புட்டியில் பிடித்தோம். ஒருவர் அதில் தோல் குஞ்சம் வைத்துவிட்டார். அந்தப் புதுத் தலைப்பாகை வந்து வேலூரில் சிப்பாய்கள் கொதித்தெழுந்தது 1806-ல். 1801-க்கு அது ஆகாது என்று எடுத்துச் சொன்னதும் எல்லாவற்றையும் பிய்த்துவிட்டு மறுபடி செய்தார். அந்தப் பொறுமைக்குப் பாராட்டு.

பிளாஸ்டிக் பொம்மைகளைப் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவாமல் சாயம் பூசாதீர்கள் என்று மறுபடி கேட்டுக்கொள்கிறேன். அச்சின் எண்ணெய்ப் பிசுக்கு போகாவிட்டால் பொருக்குப் பொருக்காக உரிந்துவிடும். வெயில் காலத்தில் சாயம் பிரஷ்ஷிலேயே காய்கிறது என்கிறவர்கள், டிபன் பாக்ஸில் ஈரப் பஞ்சு பரப்பி மேலே பட்டர் பேப்பர் போட்டு அதில் கலக்குங்கள். வெளியூரிலிருந்து வரவழைத்த சாயப் பெட்டி ஒன்றை ஒரு பார்சல் நிறுவனம் வாரக்கணக்கில் வெயிலில் போட்டு வைத்துக் கட்டியாகத்தான் தந்தது. புகார் கொடுத்தும் பணம் வரவில்லை. இனி உள்ளூர்க் கடை அக்ரிலிக்கே போதும் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

ஆட்டத்தைத் தரையில்தான் வைத்தோம். துப்பாக்கி எட்டும் 100 கஜமே நமக்கு 50 அங்குலம், மேசை போதாது. மார்ச் 31 தாக்குதலை எடுத்துக்கொண்டோம். கம்பெனி பக்கம் யார் ஆடுவது என்பதில்தான் பெரிய தகராறு. ஒருவரும் முன்வரவில்லை. ஊமைத்துரைக்கு எதிராகப் பகடை உருட்ட மாட்டேன் என்று மூத்தவர்கள் இருவர் எழுந்தே போய்விட்டார்கள். அவர்கள் மனம் எனக்குப் புரிகிறது, அதில் தவறு இல்லை. கடைசியில் சீட்டுக் குலுக்கியதில், பத்தாம் வகுப்புப் படிக்கும் நம் உறுப்பினர் மகளுக்குக் கம்பெனி விழுந்தது. கவனமாக ஆடினாள். முள்வேலியைத் தாண்டும்போதே பாதிப் பேரை இழந்தாள். விழுந்த பொம்மைகளை எடுத்து வரிசையாக வைத்துக்கொண்டே, "செத்தவங்கள்ல இவ்வளவு பேர் நம்ம ஊர்க்காரங்களா, மாமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கம்பெனிச் சிப்பாய்களில் தமிழர் உண்டு, தெலுங்கர் உண்டு, எட்டயபுரம் பாளையத்தாரும் கம்பெனிக்குத் துணையாக நின்றார்கள். மே 24-ல் கர்னல் அக்னியூ கோட்டையைப் பிடித்த ஆட்டத்தை அன்றைக்கே வைப்பதாக இருந்தோம். வைக்கவில்லை. எழுந்து போன இருவரும் அடுத்த மாதம் வந்து அவளுக்குத்தான் முதலில் கை கொடுத்தார்கள்.

ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற நம் மூத்த உறுப்பினர் ஐப்பசியில் காலமானார். பித்தளைக் கம்பியை லேத்தில் கடைந்து, ஓர் அங்குலம்கூட வராத பீரங்கிக் குழல்களை அவர் செய்வதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கை எவ்வளவு நிதானமானது என்று தெரியும். கண் மங்கிய பிறகு நகத்தால் தடவியே விளிம்பைச் சரிபார்ப்பார். அவர் முடித்து வைத்துவிட்டுப் போன குழல்கள் கொத்தளங்களில் ஏறிவிட்டன. பாதி கடைந்த ஒன்றை அவர் வீட்டார் சங்கத்துக்குத் தந்தார்கள். அது அப்படியே பீரோவில் இருக்கும், யாரும் முடிக்க வேண்டாம் என்பது செயற்குழுவின் முடிவு. அனைவரும் எழுந்து ஒரு நிமிடம் அஞ்சலி செலுத்தக் கேட்டுக்கொள்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் சாப்பாட்டுக்கு முன் அவரைப் பார்த்துவிடுங்கள்.

வரும் ஆண்டில் மதுரைக்கே திரும்பலாம் என்று இருக்கிறோம். முழுக் கோட்டை இல்லை, பெரியார் பேருந்து நிலையம் பக்கம் இன்றும் நிற்கும் கொத்தளம் ஒன்று போதும். 1764-ல் மருதநாயகம் என்று நாம் சொல்லும் யூசுப் கான் இந்த மதிலுக்குள் இருந்துகொண்டு மேஜர் கேம்பலின் படையை எதிர்த்து நின்றார். அக்டோபர் 15 அன்று அவரைத் தூக்கிலிட்ட சம்மட்டிபுரம் இங்கிருந்து நடக்கும் தூரம்தான். அளவெடுக்க ஒரு ஞாயிறு காலை போகிறோம். டேப்பும் தொப்பியும் கொண்டு வாருங்கள்.

கடைசியாக ஓர் உதவி. பாஞ்சாலங்குறிச்சி இப்போது நாலு துண்டாக விளாங்குடியில் ஓர் உறுப்பினர் வீட்டு மாடி அறையில் இருக்கிறது. தை பிறப்பதற்குள் அந்த அறை அவர்களுக்கு வேண்டும். வைக்கோல் கலந்த மண் என்பதால் எலியும் கரையானும் வராத இடமாக, கீழ்த்தளத்தில், எட்டடிக்கு ஐந்தடி யாராவது தர முடியுமானால் இன்றே சொல்லுங்கள். தூக்குவதற்கு ஆள்கள் நாங்கள் வருகிறோம்.

இங்ஙனம்,
செயலாளர்