லான் பவுல்ஸ் ஓய்வு விளையாட்டா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் லான் பவுல்ஸ் வீராங்கனை நயன்மோனி சைகியா பற்றிய கட்டுரையைப் படித்தேன். புல்தரையில் பந்து உருட்டி ஆடும் இந்த விளையாட்டுக்கு ஒரு தமிழ் நாளிதழ் அரைப் பக்கம் ஒதுக்கியதே பெரிய விஷயம்தான். ஆனால் அதில் முக்கால்வாசி, பளுதூக்கும் காலத்தில் அவருக்கு ஏற்பட்ட காயத்துக்கே போய்விட்டது. எடை தூக்க முடியாமல் பந்து உருட்ட வந்தவர் என்பதுபோல ஒரு பரிதாபத் தொனி.

2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த்தில் லான் பவுல்ஸ் மகளிர் நால்வர் பிரிவில் தங்கம் வென்ற நால்வருமே வேறு விளையாட்டிலிருந்து வந்தவர்கள். லவ்லி சௌபே ஓட்டப்பந்தய வீராங்கனை, ரூபா ராணி திர்க்கி கபடி, பிங்கி கிரிக்கெட். சரி, அவர்களில் சிலர் அங்கே காயம்பட்டார்கள். அதற்காக இது காயம்பட்டவர்கள் வந்து உட்காரும் திண்ணை ஆகிவிடுமா?

ஒன்றரைக் கிலோ வரை எடையுள்ள அந்தப் பந்து நேராகப் போகாது. வேகம் குறையக் குறைய ஒரு பக்கமாக வளையும். குறைந்தது 23 மீட்டர் தள்ளிக் கிடக்கும் 'ஜாக்' என்ற சின்னஞ்சிறு இலக்குப் பந்தின் அருகே அது போய் நிற்க வேண்டும். எதிரணிப் பந்து தட்டிவிட்டால் ஜாக்கே இடம் மாறிவிடும், போட்ட கணக்கெல்லாம் போச்சு. நால்வர் ஆட்டத்தில் நயன்மோனி மூன்றாவது ஆள். கேப்டன் ரூபா ராணி பந்து வீசப் போகும்போது, எதிர்முனையில் ஜாக் பக்கத்தில் நின்று நிலவரத்தைப் படித்து, எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்று சொல்ல வேண்டியவர் அவர்தான். உங்கள் கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை!

அரையிறுதியில் நியூசிலாந்திடம் முதலில் 0-5. கடைசிச் சுற்றுக்கு முன் 12-13. அங்கிருந்து 16-13 என வென்றார்கள். இறுதிப் போட்டியில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 8-2 என முன்னிலை பெற்று, அதைப் பறிகொடுத்து, அப்புறம் 17-10. காமன்வெல்த்தில் இந்த விளையாட்டில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கமே தங்கம். 2008 வாக்கில் தொடங்கிய நயன்மோனி, பதினான்கு வருடம் பழகி, இடையில் அசாம் வனத்துறை வேலையிலும் சேர்ந்து அதையும் பார்த்துக்கொண்டே, அந்த இடத்துக்கு வந்தார். அதன்பின் அர்ஜுனா விருது. அடுத்த ஆண்டுப் பட்டியலில் பிங்கியும் அதைப் பெற்றார்.

நால்வரும் இருபதுகளில் இருந்திருந்தால் இத்தனை பரிதாபம் வந்திருக்காது என்று நினைக்கிறேன். நாற்பதிலும் நாட்டுக்காக ஆட முடிகிற விளையாட்டு இது. இங்கிலாந்தின் டேவிட் பிரையண்ட் 1966இல் முதல் உலகப் பட்டம் வென்றார், 1988இலும் வென்றார். அந்த 22 வருடத்தை யாரும் ஓய்வுக்காலம் என்று எழுதவில்லை.

2026 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் ஹாக்கி, மல்யுத்தம், பாட்மின்டன் கிடையாது. பவுல்ஸ் உண்டு, உள்ளரங்க ஆட்டமாக. அந்த ஆட்டங்களுக்குச் சுற்றுவாரியான ஸ்கோரைப் போடுங்கள். யார் எந்தப் பந்தில் ஆட்டத்தைத் திருப்பினார் என்பதையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சி