பாசிக்குடாக் காணி பற்றி மகளுக்கு

கல்லடி, மட்டக்களப்பு

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். பாசிக்குடாவில் கடலோரக் காணி, கொழும்பு வெள்ளவத்தையில் பிளட் (தொடர்மாடி வீடு), வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல், இந்த மூன்றில் எதில் காசைப் போடலாம் என்று கேட்டிருக்கிறாய். விலை ஏறுமா என்பதைத் தரகர் சொல்லிவிடுவார். பிரதேச செயலகத்தில் காணிக் கிளையில் வேலை பார்த்த எனக்கு வேறு இரண்டு கேள்விதான் முதலில் வரும். காணியின் உறுதிப் பத்திரம் யார் பெயரில்? நீ இல்லாத நேரம் காணியில் யார்?

நீ இப்போது கனடாப் பிரஜை. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜைக்கு இங்கே காணி எழுத முடியாது. தொடர்மாடி வீடென்றால் வாங்கலாம், முழுப் பணமும் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வரவேண்டும். இரட்டைக் குடியுரிமை எடுத்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. தம்பி பெயரில் வாங்கி வைப்போம் என்கிறாய். அவன் தங்கமான பிள்ளை. ஆனாலும் உறுதியில் பெயர் உள்ளவன்தான் சொந்தக்காரன், நாளைக்கு அவனுக்கும் குடும்பம் வரும். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு காணி வந்து கிடப்பதை நான் விரும்பவில்லை.

பாசிக்குடா வேண்டாம் மகள். யுத்தம் முடிந்து ஹோட்டல்கள் எழும்பியபோது விலை ஏறியது உண்மை. 2019 குண்டுவெடிப்பும் பிறகு கொரோனாவும் வர அங்கே ஆள் நடமாட்டமே இல்லாமல் போனதும் உண்மை. கடலிலிருந்து 300 மீற்றருக்குள் எதைக் கட்டுவதானாலும் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அதைவிட, வெறுங்காணியில் வேலி நகரும். மழை முடிந்ததும் பக்கத்து வளவுக்காரர் கம்பியைப் புதுப்பிக்கிறேன் என்று நாலு அடி உள்ளே தள்ளி நடுவார். அடுத்து அங்கே தென்னம்பிள்ளை நிற்கும். பிறகு ஒரு கொட்டில், அதற்கு அவர் பெயரில் கரண்ட் பில். பத்து வருடம் தடையில்லாமல் காணியை அனுபவித்து வந்தவர் கோர்ட்டில் உரிமை கேட்கலாம். இப்படி வந்த கோப்புகள் என் மேசையில் குவிந்து கிடந்தன, காணிக்காரர் பெரும்பாலும் வெளிநாட்டில்.

வயல் என்றால் எனக்கு ஆசைதான். 1978 சூறாவளியில் உன் தாத்தாவின் தென்னந்தோட்டம் முழுக்கச் சாய்ந்தது. வைத்த கன்று காய்க்கும் வரைக்கும் எங்களுக்குச் சோறு போட்டது வயல். ஆனால் படுவான்கரையில் நிறைய நிலம் பெர்மிட் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த காணி. பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது, வெள்ளைத்தாளில் எழுதித் தருவது செல்லாது. உறுதி வயலே கிடைத்தாலும் நீ குத்தகைக்குத்தான் விடவேண்டும். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பாயும் வயலென்றால் இரண்டு போகம் பார்க்கலாம், மானாவாரியில் ஒன்றுதான். அறுவடையில் எல்லாருடைய நெல்லும் ஒன்றாகக் குவியும், ஈரநெல்லுக்கு வியாபாரி சொல்வதுதான் விலை. பிறகு வெள்ளம், யானை. நிரப்பி வீட்டுக் காணியாக விற்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே, கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் வயலை நிரப்ப முடியாது.

வெள்ளவத்தை பிளட் இன்றைக்கே உன் பெயரில் வரும். வாடகைக்கும் ஆள் கிடைக்கும். ஆனால் மாதாமாதம் பராமரிப்புக் காசு கட்டவேண்டும், கட்டடம் பழசாகும், கொழும்பில் போய்ப் பார்க்க நமக்கு யாரும் இல்லை.

என் மனதில் இருப்பது மட்டக்களப்பு டவுணுக்குள், போதனா வைத்தியசாலைப் பக்கமாக, சின்ன வளவோடு ஒரு வீடு. டொக்டர்மார், தாதிமார், மருத்துவ பீடப் பிள்ளைகள் என்று அங்கே வாடகைக்கு எப்போதும் ஆள் வரும். கொடுத்த விலையோடு கணக்குப் பார்த்தால் வாடகை பெரிய வருமானம் இல்லை, வங்கியில் நிலையான வைப்பில் போட்டால் அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கலாம். ஆனால் ஆள் குடியிருக்கும் வளவில் வேலி நகராது. மாதம் ஒருமுறை நான் போய்ப் பார்ப்பேன். உறுதியை நொத்தாரிசிடம் கொடுத்து, காணிப் பதிவகத்தில் முப்பது வருடப் பதிவையும் பார்க்கச் சொல்லி, நில அளவையாளரையும் கொண்டு அளந்துதான் வாங்குவோம். முத்திரைத் தீர்வை வாங்குபவர் பக்கம், முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். அதையும் சேர்த்துக் கணக்குப் போடு.

நான் இருக்கும் இந்த வீடு என் அம்மா எனக்குச் சீதனமாகத் தந்தது. நம் ஊர் வழக்கப்படி அது உனக்கு. மரணசாசனத்தால் (உயிலால்) வரும் காணிக்கு அந்த 2014ஆம் ஆண்டுச் சட்டத்தில் தடை இல்லை, அதனால் மரணசாசனமும் எழுதி வைக்கப்போகிறேன்.

சரி, தரகருக்கு முற்பணம் எதுவும் அனுப்பாதே. முதலில் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பி, அது கிடைத்தால்தான் டவுண் வீட்டை உன் பெயரில் எழுதலாம். உன் பிறப்புப் பத்திரம் என்னிடம் இருக்கிறது, இந்த வாரமே பிரதி எடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா