தட்டுவடை செட் வாங்கிய நாட்கள்

ஏற்காடு
தை 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே காப்பிப் பழம் பறித்து முடிகிற நேரம். காலை ஒன்பது மணி வரை எதிர்வீட்டுக் கூரை கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவு பனி. உங்கள் மெல்பர்னில் நாற்பது டிகிரி வெயில் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு ஒரே கவலை. அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நம் இருவருக்கும் இருக்கிற பைபோலார் நோயின் மருந்தைப் பற்றிப் போனில் நீ கேட்டதற்கு அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "நீங்க ஒரே மருந்துல இத்தனை வருஷமா இருக்கீங்கல்லம்மா, எனக்கு மட்டும் எதுக்கு ரெண்டு? அந்தத் தூக்க மாத்திரையை விட்டுடறேன்" என்றாய். பேசினால் அழுதுவிடுவேன் என்று, அப்பா கூப்பிடுறார் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் கூப்பிடவே இல்லை. எழுதினால் கொஞ்சம் நிதானமாக வரும்.

முதலில் என் பொய்யை எடுத்துக்கொள்கிறேன். சின்ன வயதில் நீ "என்ன மாத்திரைம்மா" என்று கேட்டபோது தைராய்டுக்கு என்றேன். காலேஜ் போன பிறகும் அதையேதான் சொன்னேன். போன ஆடியில் உனக்கு முடியாமல் போனபோது, குடும்பத்தில் யாருக்காவது மனம் அளவு மீறி ஏறி இறங்குகிற இந்த நோய் உண்டா என்று உன் டாக்டர் கேட்டு, நீயும் பாவம், இல்லை என்று சொல்லியிருக்கிறாய். அதற்கப்புறம்தான் நான் வாயைத் திறந்தேன். அந்தக் குற்ற உணர்வு எனக்குப் போகாது, விடு. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நான் சாப்பிடுகிற, நீயும் சாப்பிடுகிற லித்தியம் தைராய்டைச் சிலருக்கு மந்தப்படுத்தும். எனக்குப் பதிமூன்றாம் வருஷம், தைராய்டு மந்தமானால் ரத்தத்தில் கூடுகிற டி.எஸ்.எச். ஏறிப்போய், நிஜமாகவே தைராய்டு மாத்திரை சேர்ந்தது. "சொன்ன பொய்யை நம்ம மலைச்சாமி சேர்வராயன் பலிக்க வச்சுட்டாரு" என்று உங்கப்பா சிரித்தார்.

1998-ல் உனக்கு மூன்று வயது. இதே மாதிரி பறிப்பு சீசன். எனக்குத் தூக்கமே தேவைப்படவில்லை. விடிய விடிய மெஷினை மிதித்து, எஸ்டேட் கூலியாட்களின் லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் பாவாடை தைத்தேன். ஐந்தாம் நாள் மலை இறங்கி, செவ்வாய்ப்பேட்டையில் பதினான்கு ஜோடி வெள்ளிக் கொலுசு கடனுக்கு வாங்கிக்கொண்டு ஏறினேன். யாருக்கு என்று கேட்டவர்களிடம், சாமி வாங்கச் சொன்னார் என்றேன். சாமி வந்திருக்கிறது என்று இரண்டு பேர் என் காலில் விழுந்தார்கள். அப்போது எனக்கு எவ்வளவு ஆனந்தமாக இருந்தது என்பதையும் உன்னிடம் மறைக்கப்போவதில்லை. உனக்கும் அந்த ருசி தெரிந்திருக்கும். அப்புறம் எட்டு மாதம் கட்டிலோடு கிடந்தேன். உனக்குத் தலை வாரிவிடக் கை எழவில்லை. அப்பாயிதான் வாரினாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது நான்கு மருந்து. கை நடுங்கும், வாய் உலரும், எடை ஏறும். சேலத்து டாக்டர் ஒன்றைக் குறைப்பார், மூன்று மாதம் பார்ப்பார். சில சமயம் குறைத்ததைத் திரும்பவும் ஏற்றுவார். லித்தியம் மட்டும் என்று நின்றது இரண்டு வருஷம் கழித்து. எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை என்று அவரே சொன்னார். லித்தியம் என்றால் கிரேக்கத்தில் கல்லாம். மேக்னசைட் கல் தோண்டுகிற ஊர்க்காரிக்குக் கல்லே மருந்தாக அமைந்தது என்பார். நீ மருந்து தொடங்கி ஆறு மாதம்தான் ஆகிறது, கண்ணு. அந்தக் குவெட்டியபினைத் தூக்க மாத்திரை என்று நினைக்காதே. தூக்கம் தருவதோடு மனதின் ஏற்ற இறக்கத்தையும் அது பிடித்து நிறுத்தும்.

நானாக நிறுத்திப் பார்த்த கதையும் இருக்கிறது. உனக்கு அது தெரியும், காரணம்தான் தெரியாது. மூன்றாம் வகுப்பில் உன் பள்ளி ஆண்டு விழா. அழைக்காமல் மேடையேறி, மைக்கைப் பிடுங்கிப் பாடினேன். இறங்கு என்று சொன்ன டீச்சரைத் திட்டினேன். நீ திரைச்சீலைக்குப் பின்னால் பட்டாம்பூச்சி வேஷத்தோடு நின்றுகொண்டிருந்தாய். நான்தான் நன்றாக இருக்கிறேனே என்று மாத்திரையை விட்டு அன்றைக்கு ஆறு வாரம். உங்கப்பாவுக்குத் தெரியாமல் தினமும் அடுப்புச் சாம்பலில் போட்டேன். அதன் பிறகு நீ என்னைப் பள்ளிக்குக் கூப்பிட்டதே இல்லை. நானும் ஏன் என்று கேட்டதில்லை.

உனக்கு தட்டுவடை செட் நினைவிருக்கிறதா? மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அம்மா சேலம் போய் வாங்கி வருவாளே, தட்டுவடை தனியாக, கேரட் பீட்ரூட் துருவல் தனியாக, இரண்டு சட்னியும் தனித்தனிப் பொட்டலமாக. அதெல்லாம் லித்தியம் அளவு பார்க்க ரத்தம் கொடுத்த நாட்கள். முந்தின இரவு எட்டு மணிக்கு மாத்திரை போட்டால் மறுநாள் காலை எட்டு மணிக்கு ரத்தம் எடுக்க வேண்டும், சரியாகப் பன்னிரண்டு மணி நேரம். காலை மாத்திரை ஏதும் போடாமல், முதல் பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போவேன். ரிசல்ட் சாயங்காலம்தான் வரும். அதுவரை நாலு ரோடு பக்கம் சுற்றிவிட்டு, தட்டுவடைக் கடை திறந்ததும் வாங்கிக்கொண்டு ஏறுவேன். எனக்கு டாக்டர் வைத்த வரம்பு 0.6-லிருந்து 0.8. 1.5-ஐத் தாண்டினால் விஷம். மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவே இவ்வளவு ஒல்லியான வரப்பு வேறு மாத்திரைகளில் அதிகம் கிடையாது.

இந்த மருந்தைக் கண்டுபிடித்துச் சொன்னவர் உங்கள் ஊர்க்காரர்தான். ஜான் கேட் என்ற டாக்டர். சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் மூன்றரை வருஷம் போர்க் கைதியாக இருந்து திரும்பியவர். உங்கள் மெல்பர்ன் பண்டூராவில் இருந்த ஆஸ்பத்திரியில், முதலில் தானே லித்தியத்தைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் பத்துப் பேருக்குக் கொடுத்து 1949-ல் எழுதினார். அதிலே முதன்முதலாகத் தேறிய மனிதர் 1950-ல் லித்தியம் அளவு மீறியே இறந்துபோனார். அப்போது அதை ரத்தத்தில் அளந்து பார்க்கிற வழக்கம் வரவில்லை. சலிப்பாக இருந்தாலும் ஊசிக்குக் கையை நீட்டு என்று நான் சொல்வது அதனால்தான்.

வெயிலுக்கு வருகிறேன். சிறுநீரகத்துக்கு உப்பும் லித்தியமும் அண்ணன் தம்பி மாதிரி. வியர்த்தோ, பேதியிலோ, உப்பில்லாச் சாப்பாடு என்று ஏதாவது ஆரம்பித்தோ உடம்பில் உப்பு குறைந்தால், சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். நீ ஓடப் போகிறவள். தண்ணீர் குடி, உப்பைக் குறைக்காதே. மாதவலிக்கு இபுப்ரோஃபென் போடுவாயே, அதுவும் ரத்தத்தில் லித்தியத்தை ஏற்றும், அதை விடு. பாராசிட்டமால் போதும். 2019-ல் எனக்கு முட்டி வலி. மெடிக்கலில் கேட்டு டைக்ளோஃபெனாக் வாங்கி ஒரு வாரம் போட்டேன். நாக்கு குழறியது, நடை தள்ளாடியது, கையில் டம்ளர் நிற்கவில்லை. ரத்தத்தில் 1.9. நான்கு நாள் சலைன் ஏற்றினார்கள். உனக்கு வைரல் காய்ச்சல் என்று சொன்னோமே, அது இதுதான். குழந்தை யோசனை வந்தால், நாள் தள்ளிப்போகும் முன்பே டாக்டரிடம் பேசு.

உங்கப்பா ரிட்டயர் ஆகும்போது எஸ்டேட்டிலிருந்து, கூலியாட்களுக்குப் பேர் போடுகிற செக்ரோல் நோட்டு ஒன்று எழுதாததாகக் கொண்டு வந்தார். ஆள் பேர் எழுதுகிற இடத்தில் என் பேர், கைக்காசுக் கட்டத்தில் தூங்கிய மணி. ஏழு, ஏழு, ஆறரை. தொடர்ந்து இரண்டு நாள் நாலுக்குக் கீழே போனால் என்னைக் கேட்காமலே டாக்டருக்குப் போன் போடுவார். முன்பெல்லாம் எனக்குக் கோபம் வரும், என்னைக் கூலியாள் மாதிரி பேர் போடுகிறாரே என்று. உனக்கு அங்கே பேர் போட ஆள் இல்லை. நீயே எழுது.

உன் டாக்டரிடம் என் கதை முழுவதையும் சொல். வீட்டில் ஒருவருக்கு லித்தியம் நன்றாகக் கேட்டிருந்தால், ரத்த சொந்தத்துக்கும் கேட்க வாய்ப்பு அதிகம் என்கிறார்கள். இரண்டாவது மாத்திரையைப் பின்னால் குறைக்கலாமா என்று அவரையே கேள். அதுவரை ராத்திரி இரண்டையும் போடு. சாம்பல் உன் வீட்டில் இல்லை என்பது தெரியும், சிங்க் இருக்கிறதே.

பார்சலில் தட்டுவடை வைத்திருக்கிறேன். சட்னி அங்கேயே அரைத்துக்கொள், காரச் சட்னிக்குப் பூண்டு கூட வை. அடுத்த ரிசல்ட் வந்ததும் நம்பரை எனக்கு அனுப்பு. போன வாரம் எனக்கு 0.7.

அம்மா