நாப்பி டப்பாவில் இருந்த நோட்டுகள்

ரங்கூன்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய கதையை அம்மா ஒரு தடவையும் நான் மூன்று தடவையும் படித்தோம். அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே, காரணம் சொல்கிறேன்.

உன் கதையில், 1964-இல் மொகல் தெரு ஜவுளிக்கடையைப் பர்மா அரசாங்கம் எடுத்துக்கொள்கிறது. கடைக்காரர் சுவரில் சாய்ந்து அழுகிறார். அடுத்த பக்கத்தில் கப்பல் ஏறிவிடுகிறார். தகவலில் தப்பில்லை. ஆனால் கடைக்கும் கப்பலுக்கும் நடுவில் அவரை யாருமே மறிக்கவில்லையே! பெண்டாட்டி என்று ஒருத்தி வருகிறாள், காப்பி கொடுக்கிறாள், போய்விடுகிறாள். மழை பெய்தது, மனுஷன் நனைந்தான் என்பது மாதிரி இருக்கிறது. படிக்கிறவர்கள் 'ஐயோ பாவம்' என்பார்கள். 'அப்புறம்?' என்று கேட்க மாட்டார்கள்.

நம் வீட்டில் நடந்ததைக் கேள். எனக்கு அப்போது பத்து வயது. மார்ச் மாதம் தாத்தாவின் கடை போயிற்று. பலகையில் 'மக்கள் கடை' என்று எழுதி ஒரு நம்பர் போட்டார்கள். தாத்தா அழவில்லை. மறுநாளும் குளித்து, திருநீறு பூசி, அதே நேரத்துக்குக் கிளம்பினார். புதிதாக வந்த மேனேஜருக்குச் சரக்கு தெரியாதாம், இவர் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். "ஆறு மாசத்துல திருப்பிக் குடுத்துருவாங்க" என்றார். அக்கம்பக்கத்தில் வீடு வீடாகக் கப்பலுக்குப் பதிந்துகொண்டிருந்தார்கள். அந்தச் சில வருஷங்களில் போன இந்தியர்கள் சுமார் 3 லட்சம் பேர். அப்பாயி வாயைத் திறக்கவில்லை.

மே 17-ஆம் தேதி 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கையில் இருப்பதைக் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். அன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அப்பாயி நாப்பி (புளிக்கவைத்த மீன் விழுது) டப்பாவை எடுத்துவந்து தாத்தா முன்னால் வைத்தாள். தாத்தாவுக்கு நாப்பி வாடையே ஆகாது, அந்த டப்பாவை அவர் ஜென்மத்தில் தொட்டதில்லை. உள்ளே துணியில் சுற்றி ஐந்து நூறு ரூபாய் நோட்டு. (நாங்கள் கியாட்டையும் ரூபாய் என்றுதான் சொல்வோம்.) ஒவ்வொன்றாகப் பிரித்துத் தரையில் வைத்தார். வீடெல்லாம் நாற்றம்.

"எதுக்குச் சேத்த?"

"கப்பலுக்கு."

"எப்பலேருந்து?"

"சின்னவன் பொறந்ததுலேருந்து."

சின்னவன் நான்தான்.

அரசாங்கம் மாற்றியது நோட்டை. அது பிளந்தது பத்து வருஷக் குடித்தனத்தை. இதில் யார் தப்பு, சொல் பார்க்கலாம். தாத்தா 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது எல்லையில் இருக்கும் தமு வழியாக மணிப்பூருக்கு நடந்தவர், வழியில் தங்கையைப் புதைத்துவிட்டுப் போனவர். சண்டை முடிந்து திரும்பிவந்து எழுப்பிய கடை அது. இன்னொரு தடவை ஊரைவிட்டுப் போ என்றால் எப்படிப் போவார்? அப்பாயி புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். தாயார் முகத்தை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் அவளுக்கு. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. அதனால்தான் அந்தச் சண்டை ஓயவே இல்லை.

உன் கதையில் அந்தப் பெண்டாட்டி எதை ஒளித்து வைத்திருக்கிறாள்? அதைக் கண்டுபிடி. கடை போவதற்கு முன்னால் ஒரு சாதாரண நாளையும் காட்டிவிடு.

இன்னொன்று. எந்த மாற்றம், எப்படி வந்தது என்பதைத் துல்லியமாகப் பார். 1987 செப்டம்பரில் 25, 35, 75 நோட்டுகளையும் செல்லாது என்றார்கள். அந்தத் தடவை மாற்றிக்கொள்ள வழியே வைக்கவில்லை. அப்பாயியின் டப்பா அப்போது இருந்திருந்தால் யாரிடமும் காட்ட வேண்டியதில்லை, பேசாமல் அடுப்பில் போட்டிருப்பாள். தாத்தாவுக்குச் சாகும்வரை தெரிந்திருக்காது. அது முற்றிலும் வேறே கதை.

பெரிய இடி விழ வேண்டும் என்றும் இல்லை. 1970 டிசம்பர் 6-ஆம் தேதி ஒரே நாளில் இடப்பக்கம் ஓடிய வண்டிகளை வலப்பக்கம் ஓடச் சொன்னார்கள். பஸ் கதவோ பழையபடி இடது பக்கத்திலேயே. ஜனங்கள் நடுரோட்டில் இறங்கினார்கள், நானும்தான். காளி கோயில் வாசலில் நிற்கும் ஒரு சைக்கிள் ரிக்‌ஷாக்காரனை வைத்து யோசி. இருபது வருஷம் அவன் பக்கம் இறங்கிய கூட்டம் திடீரென்று எதிர்ப்பக்கம் இறங்குகிறது. அங்கே ஏற்கெனவே ஒருத்தன் நிற்கிறான். அவன் இவனுக்குச் சம்பந்தியாக வரப்போகிறவன் என்று வைத்துக்கொள். நான் எழுதினால் இதைத்தான் எழுதுவேன். எனக்குத்தான் கை ஓடாது.

சரி, திருத்தி அனுப்பு. எழுத்தைப் பெரிதாகப் போடு, கண் புரை இன்னும் எடுக்கவில்லை.

நாப்பி டப்பா விஷயத்தை உனக்கு எழுதுகிறேன் என்றதும் அம்மா சண்டைக்கு வந்துவிட்டாள். மதுரையில் இருக்கும் உன் அத்தை படித்தால் குடும்ப மானம் போச்சு என்று குதிப்பாளாம். அத்தைக்கு அந்த ராத்திரி பதினாலு வயது, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கொசுவலைக்குள் தூங்குகிற மாதிரி படுத்திருந்தவள். குதிக்கட்டும். நீ எழுது.

அன்புடன்,
அப்பா