மிஷின் சரி, பட்டை எது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் கையடக்க பேட்டரி ஸ்பாட் வெல்டர் பற்றி, அதாவது பேட்டரி செல்களை ஒன்றோடொன்று இணைக்க உலோகப் பட்டையைப் புள்ளி புள்ளியாகச் சுட்டு ஒட்டுகிற சின்ன மிஷின் பற்றி, வந்த கட்டுரையைப் படித்தேன். பொழுதுபோக்காகச் செய்கிறவர்களுக்கு இது போதும் என்ற முடிவு எனக்கும் சம்மதம்தான், ஆனால் அந்த முடிவுக்குக் கட்டுரையாளர் வந்த வழிதான் உதைக்கிறது. மிஷினோடு பெட்டியில் வந்த பட்டையை எடுத்தாராம், ஒரு பழைய 18650 செல் (லேப்டாப் பேட்டரிகளில் இருக்கிற உருளை லித்தியம் செல்) மேல் வைத்து நாலு புள்ளி வைத்தாராம், கையால் இழுத்தால் வரவில்லையாம், ஆகவே நல்ல மிஷின். அந்தப் பட்டை என்ன உலோகம், எத்தனை மில்லிமீட்டர் என்று ஒரு வரிகூட இல்லை. என்னைக் கேட்டால் மதிப்பீடே அங்கேதான் தொடங்க வேண்டும்.

இந்த மாதிரி மலிவு மிஷின்களோடு சேர்த்துக் கொடுக்கிற பட்டை பெரும்பாலும் நிக்கல் முலாம் பூசின இரும்பு. ஸ்பாட் வெல்டிங்கில் சூடு எங்கிருந்து வருகிறது? மின்னோட்டத்தின் வர்க்கம், அதோடு மின்தடை, அதோடு நேரம், இந்த மூன்றின் பெருக்கல். சுத்த நிக்கலைவிட இரும்புக்கு மின்தடை அதிகம், அதனால் சீக்கிரம் சூடேறி உருகிப் பிடித்துக்கொள்ளும். இரும்புப் பட்டையில் வைத்துப் பார்த்தால் சோப்ளாங்கி மிஷின்கூட சூரன் மாதிரி தெரியும், அதே மிஷினில் 0.15 மில்லிமீட்டர் சுத்த நிக்கலை வைத்தால்தான் வண்டவாளம் வெளியே வரும். இன்னொன்று, வெல்டு பண்ணும்போது நமக்கு வசதியாக இருந்த அதே மின்தடைதான், செல்களைச் சேர்த்துக் கட்டின பேட்டரி பேக் ஓடும்போது பட்டையைச் சூடாக்கி வோல்ட்டேஜைத் தின்கிறது.

அப்புறம் துரு. வேதாரண்யம் உப்பளக் காற்று மன்னார்குடி வரை வந்து சேராது என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும், நாகப்பட்டினம் பக்கம் ஒரு சைக்கிள் செயினை மழைக்காலத்தில் வெளியே விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முலாம் ஒரு இடத்தில் கீறிவிட்டால் போதும், வெல்டு வைத்த புள்ளியே அப்படியொரு கீறல்தான். சுத்த நிக்கலா என்று தெரிந்துகொள்ளக் காந்தத்தை வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள் சிலர், அதனால் பிரயோஜனமில்லை, நிக்கலும் காந்தத்தில் ஒட்டும். கிரைண்டரில் ஒரு ஓரத்தைக் காட்டினால் இரும்பு என்றால் பொறி பறக்கும், நிக்கல் என்றால் பறக்காது. கிரைண்டர் இல்லையா, உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து உப்புத் தண்ணீரில் ஓரிரு நாள் போட்டு வையுங்கள், இரும்பு தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும்.

நான் என்ன செய்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். தொழில் வேறு, இது சாயங்கால வேலை. எங்கள் பக்கம் குறுவை, சம்பாவுக்கு முதுகில் மாட்டி மருந்தடிக்கிற பேட்டரி ஸ்பிரேயர் இல்லாத தெரு இல்லை. அதில் வருகிற 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி, சீசன் முடிந்து சார்ஜே போடாமல் மாசக்கணக்கில் பரணில் கிடந்தால் சல்பேட் படிந்து செத்துப்போகும். "தம்பி, இதை ஒரு கை பாரேன்" என்று கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். அதற்குப் பதில் 32700 அளவு லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல், ஒவ்வொன்றும் 3.2 வோல்ட், 6 ஆம்பியர் மணி, இதில் எட்டு எடுத்து இரண்டிரண்டாகப் பக்க இணைப்பில் சேர்த்து, அந்த நாலு ஜோடியையும் தொடராக இணைத்தால் 12.8 வோல்ட், 12 ஆம்பியர் மணி கிடைக்கும், கூட ஒரு பி.எம்.எஸ். போர்டு (செல்களைப் பாதுகாக்கிற சர்க்யூட்), 14.6 வோல்ட் சார்ஜர். எட்டு செல்லும் சேர்ந்து ஒன்றேகால் கிலோவைத் தாண்டாது. சுமக்கிறவர் முதுகுக்கு அதுவே பெரிய நிம்மதி. மருந்துத் தண்ணீர் கசிகிற இடத்தில் இருக்கப்போகிற பேக் இது, அதில் இரும்புப் பட்டை வைப்பது சரியில்லை என்பதால்தான் இவ்வளவு தூரம் பட்டையைப் பிடித்துத் தொங்குகிறேன்.

சரி, மிஷினுக்கு வருவோம். கட்டுரையில் முழு சார்ஜில் வைத்துத்தான் பார்த்திருக்கிறார். இந்த மிஷின்களுக்குள் இருப்பது ஒரு சின்ன லித்தியம் பாலிமர் பேட்டரியும் சில மாஸ்ஃபெட்டுகளும்தான் (ஸ்விட்ச் மாதிரி வேலை செய்கிற டிரான்சிஸ்டர்), சில மில்லிசெகண்டுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளுகிறது. பேட்டரி இறங்க இறங்க அந்த ஆம்பியரும் இறங்கும். மின்னோட்டம் பத்துக்கு ஏழாகக் குறைந்தால் சூடு பாதியாகிவிடும், வர்க்கக் கணக்கு அப்படி. முதல் செல்லில் கல்லுமாதிரி பிடித்த அதே செட்டிங், கடைசி செல்லில் சும்மா தொட்டுக்கொண்டு நிற்கும், வெளியே பார்த்தால் இரண்டு புள்ளியும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆகவே சார்ஜ் பாதி இறங்கின பிறகு ஒரு செத்த செல்லில் வைத்துப் பாருங்கள். குறடால் பட்டையின் முனையைப் பிடித்துச் சுருட்டி இழுத்தால் பட்டை கிழிய வேண்டும், புள்ளி இருந்த இடத்தில் நிக்கல் துணுக்கு செல்லிலேயே தங்க வேண்டும். பட்டை முழுசாக உரிந்து வந்து செல்லில் தழும்பு மட்டும் மிஞ்சினால் அது வெல்டே இல்லை. கையால் இழுத்துப் பார்ப்பதெல்லாம் கணக்கில் சேராது.

பவர் லெவல் இத்தனை இருக்கிறது என்று விளம்பரத்தில் போடுவதைப் பார்த்து மயங்க வேண்டாம். பெரும்பாலான மலிவு மிஷின்களில் அந்த எண் பல்ஸ், அதாவது ஒரு தடவை பாய்கிற மின்னோட்டம், எவ்வளவு நேரம் என்பதை மட்டும்தான் மாற்றும், ஆம்பியரை மாற்றாது. ஆட்டோ மோடு எனக்குப் பிடிக்கவில்லை. நாம் மிஷினின் வெல்டு முனையை அழுத்திப் பிடிப்பதற்குள் அதுவாகச் சுட்டுவிடும், அழுத்தம் போதாவிட்டால் பொறி தெறித்துப் பட்டை ஓட்டையாகும். காலால் மிதிக்கிற ஸ்விட்ச் இருந்தால் கூடக் கொஞ்சம் காசு கொடுக்கலாம். பட்டையில் மிஷினின் இரண்டு முனையும் படுகிற இடங்களுக்கு நடுவே ஒரு பிளவு வெட்டிவிட்டால், மேலாகவே ஓடிவிடுகிற மின்னோட்டம் குறைந்து செல் வழியாகப் போகும், பலவீனமான மிஷினுக்கு இதைவிட மலிவான மருந்து கிடையாது. முனைகளுக்குப் போகிற ஒயர் குட்டையாக இருக்கிறது என்று நீளமான ஒயராக மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், மாற்றாதீர்கள், அந்த நீளம் அத்தனையும் மின்தடை.

இதன் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும், கட்டுரையாளர் அதையும் விட்டுவிட்டார். மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மரில் புதுசாகக் கம்பி சுற்றிச் செய்கிற வெல்டிங் மிஷின் வீட்டு லைனை நம்பி ஓடுவது. மோட்டார் ஓடுகிற நேரத்தில் லோ வோல்ட்டேஜில் விளக்கே மினுக்குகிற கிராமத்தில் அது இன்றைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி வெல்டு வைக்கும். பேட்டரியில் ஓடுகிற இதற்கு அந்தத் தொல்லை இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துப் போன பிறகு இருட்டில் கிடந்த ஊர்க்காரர்களுக்குக் கரண்ட் இல்லாமலும் ஒரு பேக்கைப் பழுது பார்க்கலாம் என்பதன் அருமை தனியாகச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வருஷத்துக்கு ஒரு பேக் செய்கிறவர் இதை வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. டேப், அதாவது சின்னப் பட்டைத் துண்டு, ஏற்கெனவே வெல்டு வைத்து வருகிற செல் கிடைக்கிறது, டேபில் சால்டரிங் வைத்துக்கொள்ளலாம். செல் மேல் நேராக சால்டரிங் அயர்னை வைத்தால்தான் ஆபத்து, பல செகண்டு சூடு உள்ளே இறங்கி செல் கெட்டுப்போகும்.

கட்டுரையாளரிடம் ஒரு கேள்வி. மிஷினின் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகிவிட்டால் பல்ஸ் நிற்காது, முனைகள் பட்டையில் இருக்கிறவரை மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் மிஷினில் உள் பேட்டரியைத் துண்டிக்க ஸ்விட்சோ ஃபியூஸோ இருந்ததா? திறந்து பார்த்திருந்தால் அடுத்த இதழில் எழுதுங்கள். நான் பார்த்தவற்றில் இல்லை. அதனால் கண்ணாடி போட்டு, மோதிரத்தைக் கழற்றி, பக்கத்தில் ஒரு வாளி மணலோடுதான் உட்காருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மன்னார்குடி.