முடிவையும் கொண்டு வாருங்கள்: வன்னிக்கு வரும் சுகாதார ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வன்னிக் கிராமங்களில் கள ஆய்வும் தொண்டுப் பணியும் செய்துவரும் பல்கலைக்கழகச் சுகாதார ஆய்வாளர்களுக்கும், அவர்களின் ஆய்வுகளுக்கு அனுமதி வழங்கும் அறநெறி மீளாய்வுக் குழுக்களின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

வவுனியா வடக்கில், குளத்தையும் வயலையும் நம்பி வாழும் ஒரு கிராமத்தின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு ஒன்பது ஆண்டுகளாகச் செயலாளராக இருக்கிறேன். உங்கள் குழுக்கள் வரும் நாள்களில் வீடு வீடாகச் சென்று ஆள்களை அழைத்து வருவதும், பொதுநோக்கு மண்டபத்தைக் கூட்டித் திறந்து வைப்பதும், வெறும் வயிற்றோடு வந்து இரத்தம் கொடுத்த முதியவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுப்பதும் எங்கள் சங்கத்தின் வேலை. அதை விருப்பத்தோடு செய்து வந்திருக்கிறோம். தொடர்ந்து செய்யவும் விரும்புகிறோம். எடுத்துச் சென்ற மாதிரிகளின் முடிவு திரும்பி வராததால் அந்த விருப்பம் ஊரில் குறைந்து வருவதைக் கண்டே இதை எழுதுகிறேன்.

உங்கள் ஆய்வுகள் எங்களுக்குத் தேவை. 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த, காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய், அங்குள்ள மதவாச்சியோடும் பதவியாவோடும் நின்றுவிடவில்லை. எங்கள் மாவட்டத்துக் கமக்காரர்களையும் அது பிடித்திருக்கிறது. சீனி வருத்தமோ இரத்த அழுத்தமோ இல்லாதவர்களின் சிறுநீரகமும் இதனால் பழுதாகிறது. கிணற்று நீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, கிருமிநாசினிகள், வெயிலில் நீர் அருந்தாமல் உழைப்பது என்று பல காரணங்கள் ஆராயப்பட்டும் இதுதான் என்று இன்னும் உறுதியாக முடிவு செய்யப்படவில்லை. கேத்திலின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும் தண்ணீரைக் குடித்து வளர்ந்த எங்களுக்கு, இதை ஆராய ஒருவர் வருகிறார் என்பதே பெரிய ஆறுதல். முதற்கட்டத்தில் இந்த நோய் எந்த அறிகுறியும் காட்டாது. உடம்பு காட்டிக்கொடுக்காத நோயை இரத்தமும் சிறுநீரும்தான் காட்டிக்கொடுக்கும் என்பதால், முடிவு உரியவரின் கைக்கு வந்து சேராத பரிசோதனையால் அவருக்குப் பயன் எதுவும் இல்லை.

என் அண்ணருக்கு அதுதான் நடந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குழு வந்து, எங்கள் ஊரில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களிடம் இரத்தமும் சிறுநீரும், கிணறுகளிலிருந்து போத்தல்களில் தண்ணீரும் எடுத்துச் சென்றது. வந்தவர்கள் மரியாதையாகப் பேசினார்கள்; படிவத்தைப் பொறுமையாக வாசித்துக் காட்டி ஒப்பம் வாங்கினார்கள்; ஒவ்வொருவருக்கும் இலக்கமிட்ட ஒரு துண்டும் கொடுத்தார்கள். முடிவு வரும் என்று அண்ணர் அடுத்த அறுவடை வரைக்கும் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். படிவத்தில் இருந்த தொலைபேசி இலக்கத்துக்கு நானும் மூன்று முறை எடுத்துப் பார்த்தேன். இரண்டு ஆண்டுகள் கழித்துக் கால் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் கூடும் கிரியாட்டினின் மிக உயர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். இன்று வாரத்தில் இரண்டு நாள் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய் வருகிறார். அன்று எடுத்த இரத்தத்திலேயே அது தெரிந்திருந்ததா, தெரிந்திருந்தால் யார் பார்த்தார்கள் என்ற கேள்வியோடுதான் எங்கள் அண்ணி ஒவ்வொரு முறையும் பேருந்தில் அவரோடு ஏறுகிறார். அந்த இலக்கத் துண்டு இன்னும் அவருடைய கிளினிக் கொப்பியின் உறைக்குள் இருக்கிறது.

முடிவைத் திரும்பக் கொண்டு வருவது இயலாத காரியம் என்று எவரும் சொல்லக்கூடாது. மலேரியாக் காலத்தை நினைத்துப் பாருங்கள். நடமாடும் மலேரியா கிளினிக்குகள் காட்டோரக் குடியிருப்புகளுக்கே வந்து, காய்ச்சல்காரரின் விரல் நுனியில் இரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் பார்த்து, கிருமி இருந்தால் மருந்தையும் கொடுத்தன. இரத்தம் கொடுத்தவருக்கு அதன் பயன் கண்முன்னே தெரிந்தது. அதனால் அடுத்த முறையும் விரலை நீட்டினார். உள்நாட்டில் தொற்றிய மலேரியா 2012க்குப் பிறகு இலங்கையில் இல்லாது போனதிலும், 2016இல் உலக சுகாதார நிறுவனம் இந்த நாட்டை மலேரியா அற்ற நாடாக அறிவித்ததிலும் அப்படி நீட்டிய விரல்களுக்குப் பங்கு உண்டு. அதே 2016இன் இறுதியில் மன்னாரில் மலேரியாவைக் காவக்கூடிய அனோபிலிஸ் ஸ்டீபன்சை என்ற புதிய நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. நாளைக்கும் எங்கள் விரல் உங்களுக்குத் தேவைப்படும்.

மருத்துவ ஆய்வுகளின் அறநெறிக்கு அடிப்படையாக நீங்கள் கொள்ளும் ஹெல்சிங்கிப் பிரகடனம் 1964இல் உருவானது. பங்குபற்றியவர்கள் விரும்பினால் ஆய்வின் பொதுவான முடிவுகளை அவர்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. 2024ஆம் ஆண்டின் திருத்தம், ஆய்வுக்கு உட்படுத்தப்படுபவர் என்ற பழைய சொல்லை விலக்கி, பங்கேற்பாளர் என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. பங்கேற்பாளர்களோடும் அவர்களது சமூகத்தோடும் பொருளுள்ள முறையில் இணைந்து செயற்பட வேண்டும் என்றும் வலியுறுத்தியது. இந்தச் சொல் மாற்றம் எங்கள் ஊரின் மண்ணிலும் தெரிய வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

அறநெறிக் குழுவினரே, கிராமத்தில் மாதிரி சேகரிக்கும் ஆய்வுக்கு அனுமதி கொடுக்கும் முன், முடிவு எந்த நாளுக்குள், யார் மூலம், எந்த மொழியில் வந்து சேரும் என்பதை எழுத்தில் கேளுங்கள். அதற்கான செலவு ஆய்வு நிதியில் தொடக்கத்திலேயே ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். தனி ஆளின் முடிவு மூடிய உறையில் தமிழில் அவர் கைக்குச் சேர வேண்டும். சந்திக்குச் சந்தி பேசப்படக் கூடாது. கவலைக்குரிய அளவு தெரிந்தால் ஆய்வு முடியும்வரை காத்திருக்காமல், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் அறிவித்து, குடும்பநல உத்தியோகத்தர் மூலம் அவரைக் கிளினிக்குக்கு அனுப்ப வேண்டும். கிணற்றின் முடிவு கிணற்றுக்காரருக்கு வேண்டும்: குடிக்கலாமா, சமையலுக்கு மட்டுமா, காசு கொடுத்து ஆர்.ஓ. இயந்திரத்தில் சுத்திகரித்த தண்ணீர் வாங்கத்தான் வேண்டுமா என்பதை நாளாந்தம் தீர்மானிப்பவர் அவர்தான்.

தொண்டு செய்ய வரும் மாணவர்களைப் பற்றி ஒரு நல்ல செய்தி. எலிக்காய்ச்சலைப் பற்றி விளக்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு வந்த ஒரு குழுவினர், காலபோக உழவு தொடங்கும் முன்பே கமக்காரர் அமைப்பின் கூட்டத்துக்கு வந்து, சேற்றில் இறங்குவோர் ஏன் அந்த நோய் வராமல் தடுக்க வாரந்தோறும் டொக்சிசைக்கிளின் குளிசை எடுக்க வேண்டும் என்று சொன்னார்கள். அடுத்த வாரம் திரும்பவும் வந்து, யார் குடித்தார்கள், யார் வயிற்றெரிவால் நிறுத்தினார்கள் என்று கேட்டார்கள். அந்த இரண்டாவது வருகைக்குப் பிறகுதான் ஊர் அவர்களை நம்பியது. அறுவடை நாளில் வைக்கும் முகாமுக்கோ, கூலி வேலையை விட்டுவிட்டு வரச்சொல்லும் முகாமுக்கோ தனியே குடும்பத்தைத் தாங்கும் பெண்களால் வர முடியாது; மாலையில் வையுங்கள்.

இன்னொன்றையும் மனம் பொறுக்காமல் சொல்கிறேன். 2009இல் எத்தனை பேரை இழந்தீர்கள், எப்படி இழந்தீர்கள் என்று வினாக்கொத்தில் கேட்டுவிட்டு, அழத் தொடங்கிய பெண்ணை முற்றத்தில் விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பெண்ணோடு இரவு வரை இருந்தவர்கள் எங்கள் சங்கத்து அக்காமார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், போரின் காயம் தனி ஆளோடு நில்லாமல் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே தாக்குவதைக் கூட்டு மனவடு என்ற கருத்தால் விளக்கினார். அதைப் படித்தவர்கள்தான் எங்களிடம் வருகிறீர்கள். உளவளத்துணையாளர் ஒருவர் கூட வராத நாளில் அந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டாம்.

எங்கள் சங்கம் கூடி எடுத்த முடிவு ஒன்று உண்டு. இனி மாதிரி எடுக்க வரும் குழு, முடிவோடு திரும்பி வரும் நாளையும் குறித்துத் தந்தால்தான் ஆள்களை அழைத்து வருவோம். திகதியை எங்கள் கூட்டக் குறிப்பேட்டில் எழுதி, இரு தரப்பும் ஒப்பமிடுவோம். பழைய ஆய்வுகளின் முடிவுகள் எவரிடமாவது இருந்தால் அவற்றையும் கொண்டு வரலாம். இலக்கத் துண்டுகளைப் பலர் இன்னும் வைத்திருக்கிறார்கள். பொதுநோக்கு மண்டபத்தின் திறப்பு என்னிடம் இருக்கிறது.

இவ்வண்ணம்,
செயலாளர்,
மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம்,
வவுனியா வடக்கு.